விரதச் சாப்பாட்டில் விழுந்த பெலாச்சான்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, மலேசியாவில், ஈப்போ சிலிபினில் என் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என் வேலையும் போனது. சும்மா உட்காரப் பிடிக்காமல், விரதம் இருப்பவர்களுக்குச் சைவச் சாப்பாடு கட்டித் தர ஆரம்பித்தேன். ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். லைசென்ஸ் எடு, சமைப்பவர்களுக்கான டைபாய்டு ஊசி போட்டுக்கொள், பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்வார் என்றார்கள். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் ஒரே ஐஸ்பெட்டி இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்று காலை முப்பது பொட்டலம் மீகூன், அதாவது அரிசிச் சேமியா. எனக்கோ கடுமையான சளி, எந்த வாசமும் தெரியவில்லை. அவசரத்தில், பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்த மிளகாய் விழுதை அப்படியே வழித்து எண்ணெயில் போட்டுக் கிளறினேன். எல்லாம் கட்டிப் பையில் அடுக்கிவிட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தால், சைவச் சமையலுக்கு அரைத்த மிளகாய் அதேபோன்ற இன்னொரு டப்பாவில் தொடாமல் இருக்கிறது. நான் போட்டது என் கணவருக்காகச் செய்து வைத்திருந்த சம்பல். பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்த்து அரைத்தது.

வேலைக்குப் போகும் வழியில் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுப் போகும் கணவர், வெளியே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.

"சீக்கிரம் குடுலா, எனக்கு வேலைக்கு லேட்டாவுது!"

தொழிற்சாலையில் ஒரு கையுறையில் ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் பெட்டியையே ஒதுக்கி வைத்தவள் நான். அங்கே தலைக்கு மேல் சூப்பர்வைசர் இருந்தார். இங்கே நானே முதலாளி, கேட்க ஆளில்லை. இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று சொன்னால் என் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். கொஞ்சம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று பையை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மதியமே செமோரிலிருந்து ஓர் அக்கா வீடு தேடி வந்துவிட்டார். மகளுக்கு இருதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காகப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டவர். நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் அன்று நாற்பத்தொன்றாவது நாள். கையில் பிரித்த பொட்டலம். சத்தம் போடவில்லை.

"ரெண்டு வாய் முழுங்கின பொறகுதான்மா வாசம் தெரிஞ்சிச்சி. தெரிஞ்சி அனுப்புனியா, தெரியாம அனுப்புனியா? அத மட்டும் சொல்லு."

"தெரியாமக்கா. சத்தியமா தெரியாது."

சொல்லிவிட்டு அழுதேன். பயத்தில் வந்த அழுகை அது. அவர் என் தோளைத் தட்டினார்.

"சரி விடு, அழாத. நீ வேணும்னு செய்யலன்னு சாமிக்குத் தெரியும்லா."

அதோடு விடவில்லை அவர். ஆர்டர் எடுக்கும் எங்கள் வாட்சப் குழுவில் மற்றவர்கள் கொதித்தபோது, "சளியோட தனியா சமைச்சிருக்கா, பாவம், யாரும் திட்டாதீங்க" என்று எனக்காகப் பேசினார். அதனால் மறுநாளும் ஆர்டர் வந்தது. ஒவ்வொரு ஆர்டரும் எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. அந்த வாரத்தோடு நானே நிறுத்திவிட்டேன்.

தைப்பூசத்தன்று கோயிலில் அவரைப் பார்த்தேன். விரதம் கெட்டுப்போனதால் அவர் பால்குடம் எடுக்கவில்லை. அடுத்த வருடம் முதல் நாளிலிருந்து மறுபடி விரதம் இருக்கப் போவதாகச் சொல்லி, "ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று என்னை விசாரித்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சளி போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது, இரண்டு ஐஸ்பெட்டி வாங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அந்த அக்கா மன்னித்தது தெரியாமல் தவறு செய்த ஒருத்தியைத்தான். தெரிந்தே அனுப்பிய என்னை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.