முள்ளில்லாத தூண்டில்

கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்தபடி ஸ்டெய்ன்வோர் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்: "லேகுலீனா." நீராவிக்குள் மிதந்த தலைகள் திரும்பின. ரெய்க்யவிக்கின் பொதுக் குளத்தில், தலையில் பனி விழ விழ, வெந்நீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டுதான் நாட்டு நடப்பு தீர்மானமாகும். நாடாளுமன்றமெல்லாம் அப்புறம்.

அவள் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமல், சந்தையில் மட்டும் சேர்ந்துகொண்ட நாடு ஐஸ்லாந்து; நார்வேயும் குட்டி லீக்டன்ஸ்டைனும் அப்படித்தான். ஒன்றியத்தார் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து தமக்குள் போட்டுக்கொள்ளும் சந்தை விதிகள் ஒவ்வொன்றாக இங்கேயும் நீண்டு வரும். வருபவை ஐஸ்லாந்து மொழியில்தான் வர வேண்டும்; அயல்சொல் தலைகாட்டக் கூடாது. கம்ப்யூட்டருக்கே சொந்தப் பெயர் வைத்துக்கொண்ட ஜனம். ஆகவே புதுச் சொற்களை முணுமுணுத்தபடியே திரிவாள் ஸ்டெய்ன்வோர். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலி.

இம்முறை வந்தது, ஒரு நிறுவனம் தனக்கே தனக்கென்று டெலிபோன் கம்பெனியிடம் எடுக்கும் வாடகைக் கம்பி. லேகு என்றால் வாடகை. லீனா என்றால் கம்பி. தலைப்பிரசவம் போல் பெற்றெடுத்த சொல். ஒரே ஒரு கோளாறு: துறைமுகத்தில் லீனா என்றால் ஆயிரங்கால் தூண்டில், வரிசையாக முள் தொங்கும் நீளக் கயிறு.

"யாரும்மா என் தூண்டிலை வாடகைக்குக் கேக்கறது? பிரஸ்ஸல்ஸ்காரனா?" என்றார் படகுக்கார ஹாஃப்லிதி.

"தூண்டில் இல்ல ஹாஃப்லிதி, டெலிபோன் கம்பி. ஒரு பேங்க் எடுத்தா அந்த பேங்குக்கு மட்டும்தான். வேற யாரும் உள்ள வர முடியாது. அதைக் கம்பெனி எல்லாருக்கும் ஒரே விதியில வாடகைக்கு விடணும், அவ்வளவுதான்."

"நார்வேக்காரனுக்கும் இந்த விதி உண்டா?"

"உண்டு. லீக்டன்ஸ்டைனுக்கும் உண்டு."

"அங்கதான் கடலே கிடையாதே! அவனுக்கு எதுக்கு லீனா? நம்ம கடல்ல போடவா?"

இந்தத் தர்க்கம் தொட்டியிலிருந்து ஏறி அன்றைக்கே துறைமுகம் போய்ச் சேர்ந்தது. மறுநாளே படகுக்காரர்கள் இரை நாற்றத்தோடு அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். தலைமை அதிகாரி எய்விந்துர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள படகுக்காரங்கள்ல ஒருத்தராவது இந்தச் சொல்லைச் சரியான அர்த்தத்துல சொல்லிட்டா அதுவே இருக்கட்டும். இல்லன்னா வேற சொல் போடு."

அவளிடம் வேறு சொல் இல்லை. தினமும் தொட்டியில் இறங்கி விளக்கினாள். ஹாஃப்லிதி தினமும் ஒரு விரலை முள்ளாக வளைத்து வாயோரம் மாட்டிக்கொண்டு, பிடிபட்ட மீன்போல் விழித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை காலை அவள் விளக்கவும் இல்லை. மூலையில் போய்க் கிடந்தாள்.

அந்தத் தொட்டியில் சூடான நீர் பீறிட்டு முதுகில் அடிக்கும் இடம் ஒன்றே ஒன்று. பல் டாக்டர் கோல்பெய்ன் வருடக்கணக்காக அதை விட்டு நகர்ந்ததில்லை. அன்றைக்கு ஹாஃப்லிதிக்கு முதுகுவலி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்:

"ஏன்யா கோல்பெய்ன், வேற ஒருத்தரும் அங்க உக்காரக் கூடாதா? அது என்ன, உன் லேகுலீனாவா?"

தொட்டியே சிரித்தது. பல் டாக்டர்கூட அரை அடி நகர்ந்தார். ஸ்டெய்ன்வோர் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையோடு தண்ணீருக்குள் முங்கி, அங்கே வெற்றிக் கூச்சல் போட்டாள். அந்த இடத்தில் வெகுநேரம் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.