சட்டைப்பையில் ஊறிய மை

அப்பாவின் வெள்ளைச் சட்டைப்பையில் ஒரு நீல மைக்கறை இருக்கிறது. தேசிக்காய் தேய்த்து வெயிலில் போட்டு அம்மா அதைப் போக்கப் பார்த்தபோது, "அது கெடக்கட்டும்" என்று அப்பா வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டுமே வெளியே வரும் சட்டை அது. போர்க்காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், ஒரு மாதம் முழுக்க மாலைதோறும் அதை அணிந்தார். அவர் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமப்பவர். அந்நாளில் கொழும்புத் தமிழர்கள் வீடு மாறும்போதெல்லாம் பொலிசில் பதிய வேண்டும். குடும்பத்தைப் பதியப் பொலிசுக்குப் போனபோது, அங்கிருந்தவர் ஒன்றும் கேட்காமலே மைப்பெட்டியை அப்பாவின் பக்கம் தள்ளினார். கட்டைவிரலைச் சுவரில் துடைத்தபடி வெளியே வந்த அப்பா, அன்றே கையெழுத்துப் போடச் சொல்லித் தரும்படி என்னிடம் கேட்டார். அடுத்த மாதம் வேறு அறைக்கு மாறவிருந்தோம். மறுபடியும் பதிய வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அது என் நடையிலேயே தெரியும் என்பாள் அம்மா.

அப்பா வேலை முடிந்து வந்து குளித்து, சட்டையை மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே நின்று கேட்பார்: "வரலாமா டீச்சர்?"

"பகிடி பண்ணாதீங்க அப்பா."

"பாடம் முடியட்டும். பொறகுதான் நான் அப்பா."

நான் கட்டிலில் இருப்பேன், அவர் தரையில். நேற்று எழுதிய எழுத்து இன்று மறந்திருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. எத்தனை தரம் சொல்வது என்று சினந்தால், தலையைக் குனிந்துகொண்டு, "வெளங்கல்ல டீச்சர். இன்னொருக்கா சொல்லித் தாங்க" என்பார். அதில் வெட்கமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

அதே மாதத்தில், வசதியானவர்கள் வாழும் வெள்ளவத்தையில், ரியூஷன் வகுப்பில் நான் பௌதிகம் விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சோதனை நெருங்கிவிட்டது, அதில் தவறினால் பல்கலைக்கழகம் இல்லை. "யாருக்கு விளங்கேல்லை?" என்று படிப்பிக்கும் சேர் ஒவ்வொரு நாளும் கேட்பார். கொட்டாஞ்சேனைக்காரிக்கு விளங்கவில்லையாம் என்று முன்வரிசை வாங்குப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்று வாய் திறக்கமாட்டேன்.

ஒரு நாள் எழுந்தேன். "விளங்கல்ல சேர். இன்னொருக்கா சொல்லித் தாங்க." அப்பாவின் சொற்களே வாயில் வந்தன. சிலர் திரும்பிச் சிரித்தார்கள். சேர் கரும்பலகையை முழுக்க அழித்தார். "இருங்கோ பிள்ளை, முதல்ல இருந்து பாப்பம்" என்றார். சிரித்தவர்களும் கொப்பியைத் திறந்தார்கள்.

மறுபதிவு நாளிலும் மைப்பெட்டி அப்பாவை நோக்கி நகர்ந்தது. அவர் அதை மெல்லத் திருப்பித் தள்ளிவிட்டு, என் மைப்பேனையை அந்த வெள்ளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். வரிசை நீண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. எழுதி முடித்ததும் பேனையை மூட மறந்து பையில் செருகிக்கொண்டார். வீதியில் நடக்கையில் நீலம் பரவுவதைக் கண்டேன். ஒரு மாதமாக அவரைத் திருத்திய நான் அதை மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சட்டை இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினால், நான் கதிரையை விட்டு எழுந்துவிடுகிறேன்.