மருமவன் எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்கான்

வெள்ளைக்காரங்கிட்டேருந்து மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வர்ற நேரம். பண்டார் ஹிலிர்ல வளைவு கட்டுறானுங்க, எங்க காஜா பேராங் ரோட்டுல கடைக்குக் கடை கொடி. எங்கக்கா போற ஜெபவீட்டு ஐயா மட்டும், "ராஜ்யம் மாறுது, ஆண்டவர் வர்றதுக்கு இதான் அடையாளம்"னு சொல்லிக்கிட்டிருந்தாரு.

"ஐயா, மெர்டேக்காவுக்கு முன்னயா பின்னயா? புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்கேன்"னு கேட்டேன். அக்கா தலையில ஒரு கொட்டு வெச்சா.

எங்க வீட்டுல அக்கா மட்டுந்தான் வேதத்துக்குப் போனா. அவளோட மூணு மாசக் கைக்குழந்தை காய்ச்சல்ல போனதுக்கப்புறம். அப்ப அவ புருஷன் சிங்கப்பூர்ல வேலையில கெடந்தாரு. செத்தவங்க எழுந்திரிப்பாங்க, பச்சப்புள்ளைங்களுந்தான்னு அவளுக்கு அங்கதான் சொன்னாங்க. வேற யாரும் அப்பிடிச் சொல்லல.

ஒருநாள் சபையில ஒரு பெரியவர் எறந்துட்டாரு. அவங்கள்ல பொம்பளைங்களும் குழிக்கிட்ட போவாங்க. அக்காவும் போனா. திரும்பி வந்தவ சோத்தத் தொடல.

"கால கெழக்கால வெச்சுப் பொதைக்கிறாங்கடா. ஆண்டவர் கெழக்கேருந்துதான் வருவாராம். எழுந்து நின்னா நேரா அவர் மொகந்தான் தெரியணுமாம். நம்ம புள்ளைய எப்பிடிடா வெச்ச?"

தாய்மாமன்னு நான்தான் கையில தூக்கிட்டுப் போயி குழியில வெச்சேன். நம்மள்ல பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்ல. அவ அந்த எடத்தப் பாத்ததே இல்ல.

"தெக்க தல, வடக்க காலு. எல்லாரையும் போலத்தான்."

"அப்ப அவன் வடக்க இல்ல பாத்துக்கிட்டு நிப்பான்? எல்லாரும் போயிருவாங்களேடா. திருப்பி வெச்சிரலாம், வா."

"தெங்கேரா பஸ்சே திரும்பிப் பாத்து ஆள ஏத்திக்கிட்டுத்தான் போவுது. ஒங்க ஆண்டவரு பாக்க மாட்டாரா?"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. மண்வெட்டிய எடுத்து என் கையில குடுத்தா.

சாயங்காலம் போனோம். லாலாங் புல்லு இடுப்பு ஒசரம். நான் நட்ட கல்லு சாஞ்சு கெடந்துச்சு. மண்வெட்டிய ஓங்கினேன். கை எறங்கல.

அக்கா கல்லுகிட்ட ஒக்காந்தா. அப்புறம் மெதுவா, "டேய், அவனுக்குத்தான் தலையே நிக்கலையே. எப்பிடி எழுந்து நிப்பான்? யாரு தூக்குவா?"ன்னா.

"நான் தூக்குறேங்க்கா. நான்தானே கொண்டாந்தேன்."

"நீதான் ஞானஸ்நானம் எடுக்கலையே. நீ எழுந்திரிக்க மாட்டியேடா"ன்னு சொல்லி, அப்பதான் அழுதா.

நான் குழியத் தொடாம, சுத்தி இருந்த புல்ல மட்டும் செதுக்கினேன். அவ அள்ளி அள்ளித் தள்ளிப் போட்டா.

"நான் போனா, ஐயா என்ன சொன்னாலும் சரி, என்னை இவன் பக்கத்துலயே வை. இவனத் தூக்கிக்கிட்டு அப்புறமா நான் கெழக்கால திரும்பிக்கிறேன்."