உமியில் ஆறிய குப்பி

இசைவாணியைப் பற்றி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். நான்கு வருடம் ஒரே லேபில் அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

கொரடாச்சேரி பக்கம் அவளுக்கு ஊர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போனவர்கள். இப்போது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். இவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஹாஸ்டல் சாம்பாரில் தண்ணீர் அதிகம் என்று கிண்ணத்தோடு முதல்வர் அறைக்கே போனவள்.

தஞ்சாவூரில் நாங்கள் ஆராய்ச்சி செய்த கல்லூரியின் பெயர் வேண்டாம். நாங்கள் ஆராய்ந்த மூலக்கூறுக்கு இரண்டு குணம். ஒரு முனை மணலின் இனம், தண்ணீர் என்றால் உயிர். மறுமுனை எண்ணெயின் இனம், தண்ணீரைக் கண்டாலே ஆகாது. வெந்நீரில் கலக்கி ஆறவிட்டால், தண்ணீர் பிடிக்காத வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். தலைகள் தண்ணீரைப் பார்த்து வெளியே நிற்கும். யாரும் அடுக்காமலே ஏடு ஏடாக அடுக்கிக்கொள்ளும். ஓர் ஏட்டின் தடிமன் தலைமுடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் மெதுவாக ஆற வேண்டும். சட்டென்று ஆறினால் வெறும் கட்டிதான். மெதுவாக ஆறவைக்கும் கருவி எங்களிடம் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இசைவாணியின் அம்மா அம்சம், நடவுக்குப் போகும்போது சுடுகஞ்சித் தூக்கை உமிச் சாக்குக்குள் புதைத்து எடுத்துப்போவாராம். மதியம் வரை சூடு இருக்கும். இவள் அரிசி மில்லில் ஒரு தகர டின் நிறைய உமி வாங்கிவந்து, சூடான குப்பியை அதற்குள் புதைத்தாள். மறுநாள் எக்ஸ்ரே சோதனையின் வரைபடத்தில் சம இடைவெளியில் மூன்று முகடுகள். அடுக்கு விழுந்ததற்கு அதுதான் சாட்சி. பதினெட்டு தடவை செய்தாள். பதினெட்டு தடவையும் விழுந்தது.

எங்கள் வழிகாட்டி குணசேகரன் சார், அவளுடைய ஆய்வேட்டில் உமி வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழித்தார்.

"உமின்னு எழுதினா சிரிப்பாங்கம்மா. வானதி எழுதின மாதிரி குளிர்விப்புக் கருவின்னு போடு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"இல்லாதத எப்படி சார் போடறது?"

"அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"நான் மாத்தமாட்டேன் சார்."

அந்த வானதி நான்தான். சொன்னபடி எழுதிக் கொடுத்து, போன வருடமே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டேன். கையெழுத்து இல்லையென்றால் அவளுடைய ஐந்து வருட உழைப்பு குப்பைக்குப் போகும். அது தெரிந்தும் தினமும் காலையில் அவர் அறை வாசலில் ஆய்வேட்டோடு போய் நின்றாள். இரண்டு மாதம் நின்றாள். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. "என்னவோ பண்ணு. தேர்வுல மாட்டிக்கிட்டு அழாத" என்று கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர், எனக்கும் தேர்வாளராக வந்த அதே ஆள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் கேள்வியிலேயே பிடித்தார்.

"இதே லேப்ல வானதிகிட்ட கருவி இருந்துச்சே. நான்தான் படிச்சேன். நீங்க ஏம்மா உமிக்குப் போனீங்க?"

குணசேகரன் சார் மின்விசிறியைப் பார்த்தார். அப்படி ஒரு கருவி இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்றைக்கும் மூடாத வாயை இசைவாணி அன்றைக்கு மூடிக்கொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாருக்கே பணியாதவள் என் பொய்க்காகத் தோற்பதா? எழுந்து நின்றேன்.

"எங்க லேப்ல அப்படி ஒரு கருவியே இல்ல சார். நான் பக்கெட்டு வெந்நீர்லதான் ஆறவச்சேன். பொய்யா எழுதிட்டேன்."

என் பட்டத்தின் மேல் இப்போது விசாரணை நடக்கிறது. நடக்கட்டும்.

தேர்வாளர் என் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு இசைவாணியிடம், "அந்த டின்னக் கொண்டாங்க" என்றார். அவள் தூக்கிவந்து அவருக்கு எதிரிலேயே வைத்து மூடியைத் திறந்தாள். மேஜை விரிப்பெல்லாம் உமி சிந்தியது. யாரும் சிரிக்கவில்லை.