கொடுங்கையை அகற்றவும்

எங்கள் கல் கொத்தருக்குக் கொடுங்கை என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட வந்தார். எப்போதோ சாரத்திலிருந்து விழுந்து முறிந்த வலது கை, முழங்கையில் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து என் மேஜையில் ஒரு வரைபடம், அதில் அந்த வார்த்தை. வாய்க்கொழுப்பு, சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

கொடுமையான கை என்று அவராக அர்த்தம் பண்ணிக்கொண்டார். அதற்கும் கோபப்பட்டதில்லை. அந்தக் கையில் உளியைப் பொருத்தி, இடது கையால் சுத்தியலை இறக்குவார், மயிரிழை பிசகாது. ஒரு கல்லைத் தட்டிக் காதைக் கொடுத்தாரானால் உள்ளே விரிசல் எங்கே என்று சொல்லிவிடுவார். பதினோரு வருஷம் இப்படி.

போன மாதம் பொறியாளர் ஒரு பழைய நூலகத்தில் ஏறிப் பார்த்து எழுதிக் கொடுத்த குறிப்பைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினேன். "கொடுங்கை வலுவிழந்துவிட்டது. இனி பாரம் தாங்காது. கீழே நிற்பவர்களுக்கு ஆபத்து. உடனே அகற்றவும்." மேலே நூலகத்தின் பெயரைப் போட மறந்து தொலைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

கல்வேலை செய்கிறவருக்கு அந்த வார்த்தை தெரியாதா என்று கேட்பீர்கள். சாரத்தில் நிற்பவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'நீட்டிக்கிட்டு நிக்கிற கல்லு' என்பார்கள், அவ்வளவுதான். கொடுங்கை எல்லாம் காகிதத்தோடு சரி. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை கொடுங்கை என்றால் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவருடைய மனைவி வந்து நின்றாள். சோறு தண்ணி இறங்கவில்லையாம், வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னாராம், ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லையாம். எனக்குப் பலகை ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொறியாளரிடம் ஓடினேன். அவர் முதலில் சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கி, "உடனே கூட்டிட்டு வாங்க, அவர் காது இல்லாம அந்தக் கட்டடத்தத் தொட முடியாது" என்றார்.

அவள் கூடவே போனேன். ஒற்றை அறை வீடு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். நான் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினேன். அது கட்டடத்தில் இருக்கிற கல். கூரையோரத்தில் வெளியே நீண்டு வளைந்து, மழைத்தண்ணீர் சுவரில் இறங்காமல் தள்ளிவிடுகிற கல். கொடு என்றால் வளைந்தது. கொடுவாள் வளைந்த கத்தி இல்லையா? நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். கொடுமை என்ற அர்த்தம் பின்னால் ஏறியது. மடக்கித் தலைக்கு வைத்துக்கொள்கிற கைக்கும் கொடுங்கை என்றுதான் பெயர். ஆக அதில் அவரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை, வேலை அப்படியே இருக்கிறது, எல்லாம் என் தப்பு.

பொறுமையாகக் கேட்டார். அவர் முகம் தெளியும் என்று பார்த்தேன், தெளியவில்லை.

"கல்லுதான்னு இப்பப் புரியுதுக்கா. ஆனா படிச்சப்போ அதுல ஒரு வரிகூடப் பொய்யாத் தெரியலையே" என்றார்.

மழைக்காலத்திலிருந்தே அந்தக் கை மரத்துப் போகிறதாம். இரண்டு தடவை உளி நழுவிக் கீழே விழுந்ததாம். கீழே ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. யாரிடமும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்ததும், எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயந்தீங்க, சரி" என்றாள். "எனக்குத் தெரிஞ்சா என்னங்க ஆயிடும்?"