டொக்டருக்குப் படிக்கும் மூத்தவள்

“டொக்டருக்குத் துவாய் பிடிக்கிறவள் டொக்டராகினால், பிறகு துவாயை ஆர் பிடிக்கிறது?”

அப்பா இப்படிக் கேட்டதும் வீடே சிரித்தது. அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். தங்கை வாயில் வைத்த சோறு சிந்தச் சிரித்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. நான் நேர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி வாட்டில் பெரிய டொக்டர் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துக் கை கழுவும்போது, துவாயை விரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலைதான். துடைத்துவிட்டு என் கையில் போடுவார். என் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் வரும் மாணவர்கள் பிழை பிழையாக விடை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் நானும் டொக்டருக்குப் படிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆசை என்று சொல்லமாட்டேன். இவர்களுக்கு முடியும் என்றால் எனக்கு ஏன் முடியாது என்ற கோபம்.

அப்பா கொட்டாஞ்சேனையில் சுருட்டுக் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கட்டுகளை முகர்ந்தே தரம் சொல்லுவார். கடைக்கு மேலே எழுதியிருந்த தன் பெயரை அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மிஷன் பள்ளிக்கூடம் எனக்கு இங்கிலிஷையும் தையலையும் தந்தது. பௌதிகமும் இரசாயனமும் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டது. வைத்தியப் படிப்புக்குப் போகிறவரிடம் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

என் திட்டம் எளிதானது. வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்து அந்த இரண்டையும் படித்துச் சோதனை எடுப்பது. வேலையை விட்டால் நேர்ஸ்மார் விடுதியில் இடமில்லை. ஆகவே எனக்கு வேண்டியிருந்தது வீட்டில் ஒரு மூலையும் இரண்டு நேரச் சோறும். அம்மா மறுத்துவிட்டாள்.

“ஆம்பிளையளின்ர பீ மூத்திரம் அள்ளினது காணாதோ? இனி அவங்களை வெட்டி வேற பார்க்கவேணுமோ?”

அந்த வருடம் தங்கைக்கு வெள்ளவத்தையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கிளாக்கர். மூத்தவள் இருக்க இளையவளுக்கு என்ன அவசரம் என்று அவர்கள் தரகரிடம் கேட்டார்கள். மூத்தவள் நேர்ஸ், அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லையாம்.

“மூத்தவள் டொக்டருக்குப் படிக்கிறாள். படிச்சு முடியுமட்டும் கலியாணக் கதையே எடுக்கவேண்டாம் எண்டு நிக்கிறாள்.”

இதை அவளே விடுதி கேற்றடியில் வந்து நின்று என்னிடம் சொன்னாள்.

“ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகினம். வெள்ளை உடுப்போட வராதை. கேட்டால் ஓம் எண்டு சொல்லு. இது ஒப்பேறட்டும், நீ வேலையை விட்டிட்டு வீட்டில இருந்து எதையெண்டாலும் படி.”

“உண்மையாவோ?”

“என்ர பிள்ளையளாணை.”

போனேன். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த சீனி முழுவதையும் பலகாரத்தில் போட்டிருந்தார்கள். தங்கைக்குத் தலை இழுத்துவிடச் சீப்பை எடுத்தேன். “உன்ர கையால வேண்டாம்” என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் தடித்த மனுஷி. நொண்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். தங்கையை ஒருமுறை பார்த்துத் தலையாட்டிவிட்டு என்னைத் தேடினார்.

“எங்க டொக்டர்ப் பிள்ளை? சீனி வருத்தக்காரி நான். இந்தக் காலை ஒருக்காப் பாருங்கோ அம்மா.”

இருந்த இடத்தில் குந்தி, அவருடைய குதிகாலைக் கையில் ஏந்திப் புண்ணுக்குச் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தேன். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்திருந்தது. மணமும் வந்துவிட்டது.

“பாருங்கோ, எவ்வளவு பதமாத் தொடுறா” என்று அவர் அம்மாவிடம் சொன்னார். “ஆஸ்பத்திரியில ஒரு நேர்ஸ் கட்டிவிட்டவள். கை வைச்ச உடனே எனக்கு அருவருத்துப்போச்சு. ஆம்பிளையளைக் குளிப்பாட்டுற கை. நேர்ஸ் இருக்கிற வீடெண்டால் நாங்கள் படியேறியிருக்க மாட்டம்.”

“அதுகளுக்கு வெக்கம் எங்க இருக்கு, அக்கா?” என்றாள் அம்மா. “எங்கட பிள்ளையளை அப்பிடி வேலைக்கு விடுவமோ?”

என் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். பார்த்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாள் வேறு.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மூலையும் சோறும் எனக்குக் கிடைத்துவிட்டன. ஆனால் நான் உண்மையாகக் கேட்டபோது இல்லை என்றவள், தனக்குத் தேவைப்பட்டதும் அதையே பொய்யாக எனக்கு உடுத்திவிட்டாள். அந்த உடுப்போடு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

நோயாளிகளிடம் நான் மெல்லத்தான் சொல்லுவேன். அன்றைக்குப் பெரிய டொக்டர் சொல்வதுபோலச் சொன்னேன், முகத்தைப் பார்க்காமல், காலைப் பார்த்து.

“இந்த விரல் செத்துப்போச்சு. வெட்டவேணும். பிந்தினால் காலும் போகும்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

“நான் டொக்டருக்குப் படிக்கேல்லை அம்மா. நேர்ஸ். நாலு வருசமா ஆம்பிளையளைக் குளிப்பாட்டுறன். கட்டை நானே மாத்திவிடட்டோ, இல்லை வீட்டை போய் மாத்துறீங்களோ?”

கால் என் கையிலிருந்து பறந்தது. அவிழ்த்த கட்டை நிலத்தில் இழுத்துக்கொண்டு வாசல்வரை போனார். உடன் வந்தவர்கள் பின்னால் ஓடினார்கள். பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை.

அப்பா கடைக்குப் போய்விட்டார். தங்கை அழவில்லை. கட்டியிருந்த பட்டுச்சேலையை அவிழ்க்காமலே என் முன்னால் வந்து நின்றாள்.

“உன்னை ஆரும் கேட்டு வரேல்லை எண்ட எரிச்சல் உனக்கு.”

“இனி நல்லாப் படி” என்றாள் அம்மா. “றோட்டில இருந்து படி.” என் பையைத் தூக்கி வெளியே வைத்தாள்.

தங்கை சொன்னது முழுப் பொய்தானா என்று டிராமில் யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்குமுன் இறங்குமிடம் வந்துவிட்டது.

வேலையை விட இனி வழியில்லை. ஆகவே மறுநாள் மேட்ரனிடம் போய், எனக்கு எப்போதும் இரவு வேலையே தாருங்கள் என்று கேட்டேன். இரவு வேலை எங்கள் வாட்டில் தண்டனையாகக் கொடுப்பது. கேட்டு வாங்கினவர் இல்லை. ஏதாவது காதல் விவகாரமா என்று கேட்டார். பௌதிகம் என்றேன். எத்தனை மாதத்துக்கு நின்றுபிடிப்பாய் என்றார். ஆள் கிடைக்காத வேலை என்பதால் உடனே தந்துவிட்டார்.

வெள்ளவத்தையில் ஒரு மாஸ்டர் காலையில் தன் வீட்டு முன்னறையில் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கிறார். இதுவரை பெண்களைச் சேர்த்ததில்லையாம். வேண்டுமானால் கடைசி வாங்குப் பலகையில் தனியாக இருக்கலாம் என்றார். போன திங்கட்கிழமை, விடிய வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அங்கே போனேன். முன்வாங்கில் இருந்த பையன்களை நகரச் சொல்லிவிட்டு அதில் இருந்தேன்.