ஆகாசம் தெரியும் கூரை

நேற்று சந்தையில் நார்த்தம்பழ வாசனை வந்ததும், உத்தனப்பள்ளியில் இன்று தொழிற்சாலைச் சுவர் நிற்கும் இடத்தில் இருந்த சாரா அக்காவின் வாசலுக்கே போய்விட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு மாட்டு டாக்டரின் மனைவியான அவர் கொச்சியில் பிறந்த யூதப் பெண். அறுபதுகளின் கடைசியில், ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி, மூங்கில் நட்டுத் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்பி ஒரு குடிசை போட்டார். சுக்கோத் பண்டிகையாம், ஏழு நாளும் அதற்குள்தான் சாப்பாடு. காலையில் ஜெபம் சொல்லி அவர் நார்த்தம்பழத்தையும் ஈச்சங்குருத்தையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கும் சலசலப்பைக் கேட்கவே நான் ஓடுவேன்.

மூன்றாம் நாள், ஓட்டைக் கூரையைக் கண்டு மனம் பொறுக்காத என் அப்பா, அதன்மேல் காய்ந்த ராகித்தாளைக் கனமாக வேய்ந்துவிட்டார்.

"மழ வந்தா நனஞ்சி பூடுவீங்களேம்மா" என்றார் பெருமையாக.

அக்கா சிரித்தார். "அண்ணா, இதுல ஆகாசம் தெரியணும். எங்க முன்னோர் அடிமைத்தனத்துலேர்ந்து தப்பி, நாப்பது வருஷம் பாலைவனத்துல குடிசைல இருந்தாங்க. காப்பாத்தினது கூரையில்ல, கடவுள்னு நினைக்கத்தான் இது. சந்தோஷமா இருக்கணும்னு கட்டளை வேற."

"மோசே கூடப் போனவங்களா! எங்க மாதா கோயில்ல வாசிப்பாங்களே. அவங்க ஆளுங்க பக்கத்து ஊட்லயே இருக்கீங்களா!"

அப்பாவே ஏறித் தாளைப் பிரித்தார். எல்லோரையும் உட்காரவைத்து அக்கா மீன்குழம்பு ஊற்றியதும் மழை பிடித்துக்கொண்டது.

"மழைன்னா உள்ள போலாம் அண்ணா, தப்பில்ல."

"அவங்க நாப்பது வருசம் இருந்தாங்க, நாம நாப்பது நிமிசம் இருக்க மாட்டமா?"

ஒருவரும் எழவில்லை. சிரிக்கச் சிரிக்கச் சாப்பிட்டோம். குழம்புதான் தட்டில் குறையவே இல்லை.